கற்றுக்கொள்ளும் சுக்கான்

ஒலுவில் கரையிலிருந்து புறப்படும் வள்ளம் இலேசானது. மீனுடன் மீளும்போது அதுவே கனத்துவிடுகிறது. போகையில் சுக்கானை இவ்வளவு திருப்பினால் போதும் என்றிருந்த கணக்கு, வருகையில் பொய்த்துப்போகிறது. காற்றும் நீரோட்டமும் சொல்லிக்கொண்டு மாறுவதில்லை. அன்றியும், வேகம் இருமடங்கானால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். நேர்விகிதத்துக்கு அடங்காத இத்தகைய அமைப்பை வள்ளக்காரர் ஆள்வது எங்ஙனம்? செல்லவேண்டிய வழிக்கும் சென்ற வழிக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டு, சுக்கானை மட்டுமன்றித் தம் கணக்கையும் திருத்திக்கொள்கிறார்.

இதனை யந்திரத்துக்குக் கற்பிக்கும் பொறியியற் கலையே 'தகவமைவுக் கட்டுப்பாடு' என்பது. எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு ஒரு மாதிரியைக் கருவியினுள் அமைத்துவிடுவார்கள். உண்மை நடத்தை அம்மாதிரியினின்று பிசகுந்தோறும், பிசகின் அளவைக் கொண்டு கருவி தன் விதிகளைத் தானே திருத்தும்.

1950களில் அதிவேக விமானங்களின் பொருட்டு இவ்வாய்வு மும்முரமாயிற்று. ஆனால், கற்கும் கருவி தவறாகவும் கற்கலாமன்றோ? 1967 நவம்பர் 15ஆம் நாள், அமெரிக்காவின் எக்ஸ்-15 விமானம் 80 கிலோமீற்றர் உயரத்தைத் தொட்டுத் திரும்புகையில் சிதறியது. விமானி மைக்கேல் அடம்ஸ் உயிர்நீத்தார். விமானம் திசை தவறிச் சுழன்றது முதற் கேடு. சுழற்சியினின்று மீண்டபின்னரும், தகவமைவுக் கருவி தன் திருத்தத்தின் வலுவை வேளைக்குக் குறைக்காமையால் ஊசலாட்டம் ஓயவில்லை.

ஆகவே, 'வேலை செய்கிறது' என்பது போதாது. 'நிலைகுலையாது' என்பதற்குக் கணித நிரூபணம் வேண்டும். 1933இல் சென்னையிற் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1954இல் பட்டம் பெற்ற கும்பதி நரேந்திரா, யேல் பல்கலைக்கழகத்தில் இப்பணியை மேற்கொண்டார். அவரும் சகாக்களும், பிற ஆய்வாளர் சிலரும் 1980 அளவில், குறிப்பிட்ட நிபந்தனைகளுடன், நேர்விகித அமைப்புகளுக்கு அந்நிரூபணத்தை அளித்தனர். நேர்விகிதத்துக்கு அடங்காதவையோ எஞ்சிநின்றன. மூளையின் நரம்புகளைப் போல் பின்னிய கணித வலைகளால் அவற்றையும் அறிந்து ஆளும் வழியை, 1990இல் நரேந்திராவும் பார்த்தசாரதியும் ஆராய்ந்து வெளியிட்டனர்.

இன்று ஒலுவில் மண்ணிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. தானே ஓடும் வண்டியையும் தானே பறக்கும் விமானத்தையும் கண்டு நாம் வியப்பதில் தவறில்லை. ஆனால் நம் மாணவ மணிகள் அவற்றை நோக்கி இரு கேள்விகள் கேட்டுப் பழகவேண்டும்: இது எவ்வாறு கற்கிறது? தவறாகக் கற்றால், இதைத் தடுத்து நிறுத்துவது எது?