சொட்டும் குழாயின் கணக்கு

நொடிக்கொரு சொட்டு ஒழுகும் குழாயில் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள் வீணாகின்றன. நான்கு சொட்டுகளை ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், அது 21 லிட்டருக்கு மேல். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஒருவருக்கு வகுத்த நாளளவு 55 லிட்டர். அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குக்கு இது சமம்.

காரணம் பெரும்பாலும் தேய்ந்த வாஷர். விலை சில ரூபாய். ஆனால், முசரவாக்கம் போன்ற சிற்றூருக்குக் காஞ்சிபுரத்திலிருந்து பிளம்பர் வந்து செல்லும் செலவு, வேலையின் மதிப்பை விஞ்சிவிடும். எனவே, நாமே ஸ்பேனரை எடுக்கிறோம். உப்புப் படிந்து இறுகிய குழாய் அசைவதில்லை. வலிந்து திருகினால் சுவருக்குள் இருக்கும் பிவிசி இணைப்பு விரிசல் காண்கிறது. சில ரூபாய்ப் பழுது, சுவரை இடிக்கும் செலவாகிறது.

எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது பழகிய கைக்கே தெரியும். பட்டுச் சேலையின் உடலையும் கரையையும் கோர்வையால் இணைக்கும் நெசவாளரிடம் உள்ளதும் அத்தகைய அறிவே. பிளம்பரின் கூலி வாஷருக்கானது அன்று, அந்த அறிவுக்கானது.

ஊராட்சி மாதம் ஒரு நாளைக் குறித்து, ஊரின் சிறு பழுதுகளையெல்லாம் ஒருங்கே பார்க்கச் செய்யலாம். பயணச் செலவு பலரிடையே பகிரப்படும், தொழிலாளியின் கூலி குறையாமலே குடும்பத்தின் செலவு குறையும், நீரும் மிஞ்சும்.