முதல் 72 மணித்தியாலம்

புத்தூரிலும் ஆவரங்காலிலும் அச்சுவேலியிலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் 'தலையாட்டி' என்றால் மேலே விளக்கம் சொல்லத் தேவையில்லை. விடியும் முன்னரே ஊர் சுற்றிவளைக்கப்படும். ஆண்கள் எல்லோரும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ வரவேண்டும். வரிசை மெல்ல நகர்ந்து ஒரு வாகனத்தின் முன்னால் போகும். உள்ளே முகத்தை மூடிய ஒருவர் இருப்பார். கண்களுக்கு மட்டும் இரண்டு துளை. அவர் தலையை ஆட்டினால், முன்னால் நின்றவர் ஒருபுறமாக ஒதுக்கப்படுவார். ஆட்டியவர் யார், ஏன் ஆட்டினார், பிடிபட்டவர் செய்த குற்றம் என்ன என்பதற்கு எழுத்தில் ஒரு வரியும் இருக்காது. 1996-இல் யாழ். குடாநாட்டில் ஏறத்தாழ 600 பேர் காணாமல் ஆக்கப்பட்டதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவுசெய்தது. முகாம் வாசலுக்கு அலைந்த தாய்மார் பலர் கேட்ட பதில், 'அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை' என்பது.

அப்படி மறுக்க முடிந்ததற்குக் காரணம், பிடித்ததற்கு எங்கும் பதிவு இல்லாததுதான். தேசிய பாதுகாப்பு என்ற பெயரில் நடந்த மீறல்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றின் தொடக்கம் இந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே இன்று ஒருவர் கைது செய்யப்பட்டால் வீட்டார் முதலில் தேட வேண்டியது பதிவை.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 யூலையில், 48-ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. அதன் முழுப்பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருக்கிறது. அதே மாதம் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிரகடனமானது. அந்த ஆண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தை ஒழிக்கும்படி பிரிகேடியர் வீரதுங்க இங்கே அனுப்பப்பட்டார். 1982-இல் திருத்தம் வந்தது, தற்காலிகம் நிரந்தரமானது. அன்று பிறந்த பிள்ளைகளுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும். சட்டமோ இத்தனை ஆட்சி மாற்றங்களையும் தாண்டி வந்திருக்கிறது.

சாதாரண சட்டத்தின் கீழ் பொலிஸ் ஒருவரைப் பிடித்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் அது 72 மணித்தியாலம். அதற்குள் அமைச்சர் தடுப்புக்காவல் கட்டளையில் கையெழுத்திட்டுவிட்டால் அந்தக் கணக்கும் இல்லை. ஆரம்பத்தில் மூன்று மூன்று மாதமாக 18 மாதம்வரை நீட்டலாம் என்றிருந்தது. 2022-ஆம் ஆண்டின் திருத்தம் அந்த 18 மாதத்தை 12 மாதமாகக் குறைத்தது. குற்றப்பத்திரம் எதுவும் இல்லாமலே ஒரு வருடம் ஒருவரை அடைத்து வைக்கலாம் என்பதுதான் குறைத்த பிறகும் இருக்கும் நிலை.

இதைவிடக் கொடிய இடம் 16-ஆம் பிரிவு. சாதாரண வழக்கில் பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. இங்கே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரியிடம் கொடுத்தது செல்லும். அடித்து வாங்கியது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அடிவாங்கியவர் தலையில். மட்டக்களப்பில் 1993-இல் பிடிபட்ட நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இதற்குச் சான்று. அவருக்குச் சிங்களம் தெரியாது. அவரது ஒப்புதல் வாக்குமூலமோ சிங்களத்தில் இருந்தது. அடியில் அவருடைய பெருவிரல் அடையாளம். அந்த ஒரே தாளை வைத்து 50 வருடச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் 35 வருடமாகக் குறைந்தது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-இல், நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டதாகத் தீர்மானித்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்யும் உடன்பாட்டில் இலங்கை சேர்ந்துகொண்டதே அரசியலமைப்புக்கு முரணானது என்று 2006-இல் மனு தள்ளுபடியானது.

இதிலிருந்து வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. கைதானவர் தனக்குத் தெரிந்த மொழியில் வாக்குமூலம் கொடுக்கலாம். விரும்பினால் தன் கையாலேயே எழுதலாம். இது ஜனாதிபதியின் பணிப்புரைகளிலேயே உள்ளது. வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். மிரட்டலுக்கும் அடிக்கும் நடுவில் இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது தெரியாமல் இல்லை. வைக்க நேர்ந்தால், நீதவானைக் காணும் முதல் வாய்ப்பிலேயே அதை வாய்விட்டுச் சொல்லிப் பதியவைக்க வேண்டும்.

யார் மேல் பாய்ந்தது இந்தச் சட்டம்? ஊடகவியலாளர் ஜே. எஸ். திசைநாயகம் 2008 மார்ச்சில் கைதானார். சஞ்சிகையில் எழுதிய கட்டுரைகளுக்காக 2009 ஓகஸ்டில் 20 வருடக் கடூழியச் சிறை. பின்னர் பொதுமன்னிப்பு கிடைத்தது. மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த தமிழ் ஆசிரியர் அஹ்னாப் ஜசீமை 2020 மே மாதம் பிடித்தார்கள். காரணம், 'நவரசம்' என்ற அவருடைய கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்ற சந்தேகம். தமிழ் தெரிந்தவர்கள் வாசித்தபோது, வன்முறையைச் சாடும் கவிதைகளும் அதில் இருந்தன. பத்தொன்பது மாதம் உள்ளே இருந்தபின் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலை. போன காலத்தைத் தருவதற்கு எந்தத் தீர்ப்பிலும் இடமில்லை.

யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்த வி. மணிவண்ணனை 2021 ஏப்ரலில் பயங்கரவாத விசாரணைப் பிரிவு கைதுசெய்தது. நகரைச் சுத்தமாக வைத்திருக்க நியமித்த காவலர்களின் நீலச் சீருடை, புலிகளின் பொலிஸ் உடையை ஒத்திருந்ததாம். அன்றே நீதவான் பிணை வழங்கினார். இது தமிழருக்கு மட்டும் வந்த துன்பம் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. மாணவர் தலைவர் வசந்த முதலிகேயை 2022 ஓகஸ்டில் இதே சட்டத்தின் கீழ் அடைத்தார்கள். ஐந்து மாதத்துக்குப் பின், சட்டம் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லி கொழும்புப் பிரதான நீதவான் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தார். 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞர் ஒருவர் மேல் தடுப்புக்காவல் கட்டளை போடப்பட்டது. சட்டத்தை நீக்குவதாக வாக்குறுதி தந்து ஆட்சிக்கு வந்த அரசாங்கத்தின் காலத்தில் இது நடந்தது.

நாட்டுக்கு ஆபத்தே இல்லை என்று எவரும் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று 260-க்கும் மேற்பட்டோர் குண்டுகளுக்குப் பலியானார்கள். அதைத் தடுக்க அதிகாரம் போதாமல் இருந்ததா? 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் வேறுவிதமாகக் கண்டது: முன்கூட்டியே உளவுத் தகவல் கிடைத்தும் பொறுப்பானவர்கள் செயற்படவில்லை. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மட்டும் 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. பாதிக்கப்பட்ட மக்கள் தொடுத்த அடிப்படை உரிமை மனுக்களில் வந்த தீர்ப்பு அது.

அடிப்படை உரிமை மனு என்ற அந்தக் கருவி, புத்தூரில் தோட்டம் செய்பவருக்கும் உரியது. அரசியலமைப்பின் 11-ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடைசெய்கிறது. தேசிய பாதுகாப்பைச் சொல்லிக்கூட அதை மட்டுப்படுத்த முடியாது. 13-ஆம் உறுப்புரைப்படி கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். இவை மீறப்பட்டால் 126-ஆம் உறுப்புரையின் கீழ் நேரே உயர் நீதிமன்றம் போகலாம். தடுப்பில் உள்ளவருக்காக அவருடைய சட்டத்தரணி மனுப்போடலாம். சிறையிலிருந்து வந்த கடிதங்களையே மனுவாக ஏற்ற முன்னுதாரணங்களும் உண்டு.

ஆனால் ஒரு மாதம். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். எங்கள் பக்கத்தில் உரிமை கைநழுவுவது பெரும்பாலும் இங்கேதான். 'பிள்ளை வெளியில வந்தால் காணும், கேஸ் கீஸ் எண்டு போய்க் கோபப்படுத்த வேண்டாம்' என்று வீட்டார் காத்திருக்க, மாதம் ஓடிவிடும். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அனுபவம் தந்த பயம் அது. இருந்தாலும் வழி இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் 13-ஆம் பிரிவில் அப்படிச் சொல்கிறது. முறைப்பாட்டுப் பிரதி மட்டும் கையில் இருந்தால் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருப்பதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சில தீர்ப்புகளில் கூறியிருப்பதால், முறையிட்டுவிட்டு இருந்துவிடாமல் தொடர்ந்து விசாரித்து, கடிதங்களைச் சேர்த்து வைக்க வேண்டும்.

அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு இன்னும் பயனுள்ளது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால விதிகளின் கீழோ ஒருவரைப் பிடித்தால், 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே வீட்டார் ஆணைக்குழுவைத் தொடர்புகொண்டு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அவசர இலக்கம் 1996. யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. தமிழில் பேசலாம்.

வாசலில் வந்து நிற்பவர்களிடம் கேட்க வேண்டியவையும் உண்டு: பெயர், பதவி, எந்தப் பிரிவு, எங்கே கொண்டு போகிறீர்கள், கைது செய்ததற்கான எழுத்துப் பத்திரம். அந்தப் பத்திரத்தை உறவினருக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஜனாதிபதி பணிப்புரை. தர மறுத்தால், மறுத்ததையும் குறித்துக்கொள்ள வேண்டும். வாகன இலக்கம், நேரம், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் யார் என்பதைப் பிள்ளையின் கொப்பியில் என்றாலும் அன்றே எழுதி வைக்கலாம். கிராம உத்தியோகத்தருக்கும் கிட்டிய பொலிஸ் நிலையத்துக்கும் அறிவித்து, பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கத்தை வாங்கிவிட வேண்டும். 2022 திருத்தத்தின்படி நீதவான் மாதம் ஒருமுறையாவது தடுப்பிடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சித்திரவதைச் சந்தேகம் இருந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

நீதிமன்றம் போய் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. 2007 யூன் 7 விடியற்காலை, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். காரணம், தேசிய பாதுகாப்பு. அவர்களில் வெளிநாடு போகக் காத்திருந்தவர்களும் வைத்தியத்துக்கு வந்தவர்களும் இருந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அடிப்படை உரிமை மனுப்போட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அனுப்பப்பட்ட பலர் திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள், பிரதமர் மன்னிப்புக் கேட்டார். நடந்தது உடனே வெளியே தெரிந்ததும், மனு உடனே போனதும்தான் அதைச் சாத்தியமாக்கின.

இருக்குமிடமே தெரியாவிட்டால் ஆட்கொணர்வு மனு. அதற்குக் கொழும்பு போகத் தேவையில்லை. மாகாணத்துக்குள் தடுத்து வைக்கப்பட்டவருக்காக யாழ். மேல் நீதிமன்றத்திலேயே போடலாம். இந்தியாவில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச்சில், கேரளத்தின் பொறியியல் மாணவர் ராஜனைப் பொலிஸ் கொண்டுபோனது. நெருக்கடி நிலை நீங்கியதும் அவருடைய தந்தை ஈச்சரவாரியர் ஆட்கொணர்வு மனுவோடு கேரள உயர் நீதிமன்றம் போனார். மகன் திரும்பி வரவில்லை. ஆனால் காவலில் அவர் இறந்தார் என்பதை அரசு ஒப்புக்கொள்ள நேர்ந்தது, 1977 ஏப்ரலில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். நாவற்குழி முகாம் இராணுவத்தினர் 1996 யூலையில் பிடித்துச் சென்ற இளைஞர்களின் பெற்றோரும் இதே வழியில் போனவர்கள்தான். முதல் மனுக்கள் 2002-இல், 2017-இல் யாழ். மேல் நீதிமன்றத்தில் மறுபடியும். பிள்ளையைப் பிடித்துச் சென்றவர் யார், எந்த முகாம், எந்தத் தேதி என்று இருபது வருடத்துக்குப் பின்னும் அவர்களால் சொல்ல முடிந்தது. அவற்றை அவர்கள் மறக்கவிடவில்லை.

புத்தூரிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் போகும் வழியிலிருந்து அதிக தூரமில்லை செம்மணி. 1996 செப்டெம்பர் 7, சுண்டுக்குளி மாணவி கிருஷாந்தி அங்கேயுள்ள சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும்கூடத் திரும்பவில்லை. 1998 யூலையில் இந்தக் கொலை வழக்கில் தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்ற சிப்பாய், அங்கே 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டுள்ளதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999-இல் தோண்டியபோது 15 எடுக்கப்பட்டன. பிறகு நீண்ட மௌனம். 2025-இல் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றோடு ஒரு நீலநிறப் புத்தகப்பை, குழந்தையின் பால்போத்தல், பொம்மை.

காணாமல் ஆக்குதல் 2018-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டத்தால் தனிக் குற்றமாக்கப்பட்டிருக்கிறது. அரசாங்கங்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு மாற்று என்று 2018-இலும் 2023-இலும் சட்டமூலங்களைக் கொண்டுவந்தன. 2023 வரைவில் பயங்கரவாதத்துக்கான வரைவிலக்கணம் அவ்வளவு அகலம்; அத்தியாவசிய சேவையைத் தடுக்கும் போராட்டத்தையும் அதற்குள் இழுக்க இடமிருந்தது. புத்தூர் மேற்குக் கலைமதி கிராமத்து மக்கள், குடிமனைகளின் நடுவிலுள்ள கிந்துசிட்டி மயானத்தை அகற்றக் கோரி 2017-இல் தெருவில் இருந்தார்கள். அடுத்த வரைவு வர்த்தமானியில் வரும்போது, அப்படி இருப்பவர்கள் அதன் வரைவிலக்கணத்துக்குள் அகப்படுவார்களா என்று ஊர்ச் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் வாசித்துப் பார்க்க வேண்டும். சட்டமூலம் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் எந்தக் குடிமகனும் அதை உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தலாம். சட்டமாக நிறைவேறிவிட்டால் அந்த வழி மூடப்பட்டுவிடும்.