அணி தோற்றால் நமக்கு ஏன் வலிக்கிறது?

சடையங்குப்பத்தில் டிவி முன் உட்கார்ந்திருக்கும் நீங்கள் பந்தைத் தொடவே இல்லை. உங்கள் கால்பந்து அணியான சென்னையின் எஃப்சி தோற்றதும் உங்கள் நெஞ்சு ஏன் கனக்கிறது?

1994 உலகக் கோப்பை இறுதிப் போட்டியைப் பார்த்த ரசிகர்களின் எச்சிலை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். தோற்ற இத்தாலியின் ரசிகர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் குறைந்திருந்தது. பிரேசில் ரசிகர்களிடம் கூடியிருந்தது. ஆடாத உடம்பும் தோற்கிறது, பாருங்கள்!

வலியைக் கூட்டுவது எதிர்பார்ப்பு. இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று காலை வைக்கிறோம். இல்லையென்றால் உடம்பே தூக்கிப்போடுமே, அப்படித்தான். மூளை முன்கூட்டியே போட்ட கணக்கு பொய்த்தால் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சரிகிறது.

2018இல் இரண்டாவது முறை இந்தியன் சூப்பர் லீக் கோப்பை வென்ற சென்னையின் எஃப்சிக்கு, அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் 9 புள்ளியோடு கடைசி இடம். பலமான அடி!

அணியைப் புதிதாகக் கட்டும்போது எதிர்பார்ப்பு இறங்கிவிடும். அப்போது இளம் வீரரின் ஒரு நல்ல பாஸ்கூட மூளைக்கு லாபம்தான். 2019-20இல் அதே அணி இறுதிப் போட்டிவரை போனது.