கூலியும் காயமும் – 14: பட்டியலுக்குள் வராத புகை

சென்ற வாரம் விரல்களோடு நிறுத்தியிருந்தோம். வேலையில் ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு 14 சதவீதம், நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். நாற்பது வயது, மாதக் கூலி 15,000 என்றால் ஆள்காட்டி விரலுக்கு ரூ.2,32,054 இழப்பீடு வரும் என்றும் கணக்குப் போட்டோம். இந்த வாரம் இ.எஸ்.ஐ. என்று சொல்லியிருந்தேன், அது தள்ளிப்போகிறது. 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், தொழில்சார் நோய்ப் பட்டியலில், பாஸ்பரஸ் கண்ணில் பட்டுவிட்டது.

அந்தக் காலத்துத் தீக்குச்சி எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும். காரணம் வெள்ளைப் பாஸ்பரஸ். அதன் ஆவி சொத்தைப் பல் வழியாக உள்ளே இறங்கித் தாடை எலும்பை அழுக வைக்கும். 1888-ல் லண்டனில் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தத் தாடை நோயும் ஊர் வாயில் அடிபட்டது. 1906-ல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் தீப்பெட்டியில் இந்தப் பாஸ்பரஸ் கூடாது என்று ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டமே வந்தது. இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் நிறைவேறி 1924 ஜூலை 1 முதல் அமலானது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டதும் அதே 1923-ஐ ஒட்டித்தான். பிறகு அது சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் என்று கரிசல் முழுக்கப் படர்ந்தது. ஆக, நம் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ்கள் பிறக்கும் முன்பே அந்த நோய்க்குக் காரணமான சரக்குக்குத் தடை விழுந்துவிட்டது. இங்கே பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்புப் பாஸ்பரஸ்; அது தாடையைத் தின்னாது. குச்சி முனையில் முக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும் இருக்கும். பாஸ்பரஸ் பட்டியலில் இன்றும் இருக்கிறது. பிற தொழில்களில் அதற்கு வேலை இருக்கலாம். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற பெண்ணின் இருமலுக்கு அதனால் பயன் ஏதுமில்லை. வேறொரு ஊரின் நோயைக் கண்டு எழுதிய பட்டியலைத்தான் நாம் வைத்திருக்கிறோம் என்பதே இந்த வாரத்து வாதம்.

பட்டியலில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள தூரம் பெரிது. இருந்தால், அந்த நோய் வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். அப்படியில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. இல்லாவிட்டால் சட்டம் குறுக்கே நிற்கும்: வேலையில் நடந்த ஒரு விபத்தின் காயத்திலிருந்தே நேரடியாக வந்த நோய் என்று காட்டினாலொழிய காசு கிடையாது. இனி நாகலாபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிமூட்டத்தைப் பாருங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி, தூர்க்கட்டையையும் தோண்டி, செங்குத்தாக அடுக்கி, தழை போட்டு ஈரமண் பூசித் தீ வைப்பார்கள். நாள்கணக்கில் உள்ளுக்குள் கனன்றபடி இருக்கும். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். அதனால் ராத்திரியிலும் ஒருவர் காவல் இருந்து, வெடிப்புத் தெரிந்தால் மூட்டத்தின் மேலேயே ஏறி ஈரமண்ணை அப்புவார். வெள்ளைப் புகை நீலமாகும்வரை அவர் மூச்சுவிடுவது அந்தப் புகையில்தான். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு பட்டியலின் 'பி' பகுதியில் இருக்கிறது, நல்லது. ஆனால் அந்தப் பகுதிக்கு ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாத வேலை வேண்டும். அதே தொழிலை வேறொருவரிடம் செய்த காலம் சேராது என்று சட்டம் அடைப்புக்குறி போட்டே சொல்கிறது. ஐப்பசி மழை இறங்கினால் மூட்டம் நிற்கும், ஆட்கள் விதைப்புக்கும் களையெடுப்புக்கும் போவார்கள், தை பிறந்தால் வேறொரு வியாபாரியின் முன்பணம். ஆறு மாதம் எங்கே சேரும்? ஆண்டுக்கணக்கில் விறகுப் புகை குடித்து வரும் மூச்சிரைப்புக்கோ பட்டியலில் பெயரே இல்லை.

பீடி குடிக்கிறவர், வீட்டில் விறகடுப்பு, இதில் எந்தப் புகை நுரையீரலைக் கெடுத்தது என்று யார் சொல்வது எனக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு விடை தெரியாது என்பதால்தான் பட்டியல் என்ற ஏற்பாடே வந்தது. பஞ்சாலைத் தூசியால் வரும் நுரையீரல் நோய் பட்டியலில் உண்டு. பஞ்சாலைக்காரர் எவரும் பீடி குடிப்பதில்லையா? சந்தேகத்தின் சுமையைத் தொழிலாளி தலையிலிருந்து இறக்கி வைப்பது அங்கே சரியென்றால் மூட்டத்திலும் சரிதான். இன்னொரு மறுப்புக்குக் கனம் அதிகம்: கரி வியாபாரி ஆலை அதிபர் இல்லை, அவரே கடனில் ஓடுகிறவர், இருபது வருஷப் புகைக்குக் கடைசியாகக் கூலி கொடுத்தவர் மட்டும் ஏன் அழ வேண்டும்? இதற்கும் சட்டத்துக்குள்ளேயே வழி கிடக்கிறது. கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் போன்றவை உள்ள 'சி' பகுதியில் பல முதலாளிகளிடம் பார்த்த வேலையைக் கூட்டிக்கொள்ளலாம். இழப்பீட்டையும் அவர்களிடையே பங்கு பிரிக்கலாம். மெல்லக் கொல்லும் நோய்க்கு அதுதான் பொருத்தமான கணக்கு. கரிமூட்டத்தைப் 'பி'யின் ஆறு மாதத்துக்குள் அடைப்பது சரியில்லை.

இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. பிரிவு 3(3)-ன்படி, மூன்று மாத அறிவிப்புக் கொடுத்து மாநில அரசே ஒரு தொழிலையும் அதற்குரிய நோயையும் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1923-ம் ஆண்டுச் சட்டம் இடம் வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது; நோய்ப் பட்டியல் அதிலும் மூன்றாம் அட்டவணைதான், பெரும்பாலும் பழைய சரக்குதான். முதலாளியை அடையாளம் காட்டவே முடியாத இடத்துக்கு ராஜஸ்தான் வேறு வழி பார்த்தது. கல் குவாரிக்காரர்களின் சிலிக்கோசிஸுக்காக 2019-ல் தனிக் கொள்கை கொண்டுவந்து, நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்று அரசே கொடுக்கிறது. முதலாளியைத் தப்பவிடுகிறது என்று அதைக் குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனாலும் நோயாளி உயிரோடு இருக்கும்போதே அவர் கைக்குக் காசு வருகிறதே!

பக்கம் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் இ.எஸ்.ஐ. கட்டாயம் வரும். பத்துப் பேர் வேலை செய்யும் இடம் என்ற அதன் வரம்பு, நாலைந்து பேர் நிற்கும் மூட்டத்தை எப்படித் தாண்டிப் போகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். வேம்பார் உப்பளத்தையும் அப்போதே பார்த்துவிடுவோம்.