ஊதாச் சட்டை ஏன் கறுத்தது?

ரோடியோ பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவில் மாடு மேய்க்கும் கௌபாய்களின் அன்றாட வேலையிலிருந்து வளர்ந்த விளையாட்டு அது. அதில் ஒரு போட்டி, திமிறுகிற குதிரையின் சேணத்தில் 8 விநாடி விழாமல் உட்கார்ந்திருப்பது. கயிற்றை ஒரு கையால்தான் பிடிக்கலாம். இன்னொரு கை குதிரைமேல் பட்டாலே ஆட்டம் போச்சு! மொத்தம் 100 மதிப்பெண். அதில் பாதி குதிரைக்கு! எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவு மதிப்பெண். குறும்புக்கு மதிப்பெண் போடும் விளையாட்டு வேறு ஏதாவது உண்டா என்ன?

ரோடியோவில் மொத்தம் 9 முறை உலகப் பட்டம் வென்றவர் கேசி டிப்ஸ். தெற்கு டக்கோட்டா மாநிலத்துக்காரர். 1951இல் ‘லைஃப்’ இதழின் அட்டையிலேயே வந்தவர். ஊதா நிறம் என்றால் அவருக்கு உயிர். சட்டை ஊதா, காடிலாக் காரும் ஊதா.

அவரை அக்ரிலிக் வர்ணத்தில் வரையப் போகும் ஓவியருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. தட்டில் ஊதாவைக் குழைத்து, புகைப்படத்தோடு ஒப்பிட்டு, ‘இதுதான் அந்தச் சட்டை’ என்று திருப்தியோடு பூசுவார். காய்ந்தபின் பார்த்தால் சட்டை ஒரு படி கறுத்திருக்கும். யாரும் வந்து வர்ணத்தை மாற்றிவிடவில்லை. பிறகு எப்படி?

டியூபுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நிறம் தரும் நுண்தூள், தண்ணீர், அதில் மிதக்கும் கோடிக்கணக்கான பிளாஸ்டிக் மணிகள். ஒரு தலைமுடியின் குறுக்கே இந்த மணிகளை நூற்றுக்கணக்கில் வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியவை. தண்ணீரில் மிதக்கும்போது இவை தங்கள்மேல் விழும் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும். ஒளி சிதறினால் வெண்மையாகத் தெரியும். ஆகவே ஈர வர்ணத்தில் ஊதாவோடு கொஞ்சம் வெள்ளையும் சேர்ந்தே நம் கண்ணுக்குத் தெரிகிறது.

தண்ணீர் ஆவியாக ஆக, மணிகள் நெருங்கி, ஒன்றையொன்று அழுத்தி, நசுங்கி, கடைசியில் ஒட்டிக்கொண்டு ஒரே படலமாகிவிடும். கண்ணாடிபோலத் தெளிவான படலம். ஒளி சிதற வழியில்லை, வெண்மை போய்விட்டது. மிச்சம் இருப்பது ஊதாவின் சொந்த நிறம். அதுதான் அடர்த்தியாகத் தெரிகிறது. மணிகள் ஒன்றாகிவிட்டதால், பிறகு தண்ணீர் ஊற்றினாலும் வர்ணம் கரையாது.

எண்ணெய் வர்ணத்தின் கதை வேறு. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகும். நாள் கணக்கில் ஆகும். கௌபாய் தொப்பியின் விளிம்பு நிழல் நெற்றியில் அழுத்தமாக விழுந்து, கன்னத்தில் மெல்லக் கரைந்து மறைவதை வரைய அந்த நிதானம் வசதி. மறுநாள் வந்துகூடத் தேய்த்து மென்மையாக்கலாம். அக்ரிலிக்கில் அதற்குச் சில நிமிடங்கள்தான். அதனால் நீர்த்த வர்ணத்தை ஒன்றின்மேல் ஒன்றாக, காயவிட்டுக் காயவிட்டுப் பூசுகிறார்கள். கீழ்ப்படலம் கரையாது என்பது இங்கே கைகொடுக்கிறது. முகத்துக்கு எண்ணெய் வர்ணம்தான் சுலபம் என்பேன். ஆனால் குதிரைக் காலடியில் கிளம்பும் புழுதிக்கு அக்ரிலிக்கை மிஞ்ச ஆளில்லை. காய்ந்த படத்தின்மேல் மங்கிய மண் நிறத்தை நீர்க்கப் பூசினால் போதும், புழுதி பறக்கும்!

ஆண்டி வார்ஹோல் என்ற அமெரிக்க ஓவியர் 1977இல் முகமது அலி, பெலே, குதிரைப்பந்தய வீரர் வில்லி ஷூமேக்கர் முதலிய விளையாட்டு நட்சத்திரங்கள் 10 பேரைப் படமாக்கினார். அவர் நிழலோடு மல்லுக்கட்டவே இல்லை. அக்ரிலிக்கைத் தட்டையாகப் பூசி, தாம் எடுத்த புகைப்படத்தை அதன்மேல் பட்டுத்திரை அச்சாகப் பதித்துவிட்டார். கெட்டிக்காரர்.

அக்ரிலிக் பிசினுக்கு ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானியர் 1915இலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் தண்ணீரில் குழைக்கும் அக்ரிலிக் அமெரிக்க ஓவியர்கள் கைக்கு வந்தது 1950களின் நடுவில், டிப்ஸ் குதிரையேறிக்கொண்டிருந்த அதே காலத்தில். அவருடைய டக்கோட்டாவில் குளிர்காலம் பனி உறையும் காலம். ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் மணிகள் விறைத்து, சரியாக ஒட்டாமல் படலம் வெடித்துவிடும். அங்கே அறையைச் சூடாக்காமல் இந்த வர்ணத்தைத் தொட முடியாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஃபெவிகாலும் இதே போன்ற மணிகள் மிதக்கும் திரவம்தான். கறுப்பு அட்டையில் மெல்லிதாகத் தடவி இரவு முழுக்க விடுங்கள். காலையில் வெள்ளை இருக்காது. இன்னொரு துளியில் ஊதா போஸ்டர் கலர் கலந்து பூசுங்கள். காய்ந்ததும் அதன் பக்கத்திலேயே அதே அளவில் புதிதாகக் கலந்து பூசி, இரண்டையும் ஒப்பிடுங்கள். ஓவியர்களும் துண்டு அட்டையில் பூசி, ஹேர் டிரையரால் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் படத்தில் கை வைப்பார்கள். அக்ரிலிக்கில் வரைபவர்கள் தூரிகையை உடனே தண்ணீரில் போட்டுவிடுங்கள். காய்ந்துவிட்டால் புதுத் தூரிகைதான் வாங்க வேண்டும்.