துக்க வீட்டில் பூசையா, ஆராதனையா? அண்ணன் தம்பிக்குள் வரும் குழப்பம்

அம்மா கடைசிவரை கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனவர். மூத்த மகன் மெதடிஸ்ட் சபையில். இளையவர் பெந்தெகொஸ்தே. அம்மா இறந்த அன்று ஜெபத்தை யார் நடத்துவது என்பதில் பேச்சு தடிக்கிறது. தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மவர் பலர் பார்த்த காட்சி இது.

எல்லாரும் கும்பிடுவது ஒரே இயேசுவைத்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? ஒவ்வொரு சபையும் வழிபாட்டில் எதற்கு முதலிடம் தருகிறது என்று பார்த்தால் விளங்கும்.

கத்தோலிக்கருக்குப் பீடமே மையம். அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கப்படும் திருப்பலியைத்தான் நம்மவர்கள் 'பூசை' என்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பிறகுதான் லத்தீன் பூசை தமிழுக்கு மாறியது. ஞாயிறு வாசகங்கள் 3 ஆண்டுச் சுழற்சியில் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. மறையுரை அந்த வாசகங்களை ஒட்டியே அமையும். அது 8 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று போப் பிரான்சிஸ் 2024-இல் சொன்னார்.

லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் பிரசங்கத்துக்குக் கனம் அதிகம். வேதத்தை மக்கள் தங்கள் சொந்த மொழியில் கேட்க வேண்டும் என்பது 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தின் முக்கியக் கோரிக்கை. எழுதிவைத்த ஆராதனை முறையும் இச்சபைகளில் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774-1864) கீர்த்தனைகள் தமிழ்ச் சபைகளில் இன்றும் ஒலிக்கின்றன.

பெந்தெகொஸ்தே சபையில் பரிசுத்த ஆவியின் செயலே முக்கியம். 1906-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் எழுந்த எழுப்புதல் இதை உலகெங்கும் பரப்பியது. அதனால்தான் அங்கே கைதட்டல், சாட்சி, அந்நிய பாஷை, நோயாளிக்காகக் கைவைத்து ஜெபித்தல் எல்லாம். பாஸ்டர் ஒரு மணி நேரம் பேசினாலும் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

சொற்களும் வேறு. கத்தோலிக்கர் 'ஆண்டவர்', 'விவிலியம்' என்பார்கள். மற்றவர்கள் 'கர்த்தர்', 'வேதாகமம்' என்பார்கள்.

துக்க வீட்டில் சிக்கல் எழுவதற்குக் காரணம் இன்னும் ஆழமானது. இறந்தவரின் ஆன்மாவுக்காக வேண்டுவது கத்தோலிக்கரின் கடமை. புராட்டஸ்டன்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை அப்படிச் செய்வதில்லை. இறந்தவர் இறைவன் கையில் இருக்கிறார், ஆறுதல் வேண்டியது குடும்பத்துக்கே என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே, 'பூசை வேண்டும்' என்கிற பிள்ளையும் 'வேண்டாம்' என்கிற பிள்ளையும் வீம்புக்குப் பேசுவதில்லை. இருவரும் அம்மாவை நினைத்துத்தான் பேசுகிறார்கள்.

அம்மா எந்த முறையில் வாழ்ந்தாரோ, அந்த முறையிலேயே அவரை வழியனுப்புவது நியாயம். மற்றப் பிள்ளைகள் இன்னொரு நாள் தங்கள் சபையாரை வீட்டுக்கு அழைத்து ஜெபிக்கலாம். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே இதை ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொண்டால், பெட்டியின் பக்கத்தில் நின்று வாதாட வேண்டியிருக்காது.