காலடியில் ஒரு பாஸ்கல் விதி
பழைய பிக்-அப் வண்டிக்குப் புதிய மாஸ்டர் சிலிண்டர்

இரண்டு டன் எடையுள்ள ஒரு வண்டி சாலையில் விரைந்து வருகிறது. எதிரே ஒரு மாடு குறுக்கிடுகிறது. ஓட்டுநர் ஒரு காலால் ஒரு கட்டையை மிதிக்கிறார், வண்டி நின்றுவிடுகிறது. இரண்டு டன் எங்கே, ஒரு மனிதனின் கால் எங்கே! இந்த வித்தையைச் செய்து முடிப்பது ஓர் இரும்புக் குழாயும், அதற்குள் ஓடும் ஒரு பிஸ்டனும், கொஞ்சம் திரவமுந்தான். அந்த இரும்புக் குழாய்க்கு 'மாஸ்டர் சிலிண்டர்' என்று பெயர்.

அமெரிக்காவில் 1960-களில் செய்யப்பட்ட செவ்ரோலெட் பிக்-அப் வண்டிகள் இன்றும் பல பண்ணைகளில் ஓடுகின்றன. முன்னால் இருக்கை, பின்னால் சுமை ஏற்றும் திறந்த தொட்டி, அதுதான் பிக்-அப். அத்தகைய வண்டி ஒன்றில் மாஸ்டர் சிலிண்டர் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படி மாற்றுகிறார்கள்? ஒவ்வொரு வேலைக்கும் காரணம் என்ன? உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள இரண்டு விதிகள் போதும், எல்லாம் விளங்கிவிடும்.

ஒரு சிறு சோதனை

ஊசி இல்லாத இரண்டு பிளாஸ்டிக் சிரிஞ்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 5 மி.லி., மற்றது 20 மி.லி. கொள்ளளவு உடையதாக இருக்கட்டும். இரண்டையும் ஒரு மெல்லிய ரப்பர் குழாயால் இணைத்து, உள்ளே தண்ணீர் நிரப்புங்கள். குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது. இப்போது சிறிய சிரிஞ்சை அழுத்துங்கள். பெரியது மெல்ல வெளியே வரும். பெரியதன் மீது நண்பன் விரலை வைத்து அழுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் கொடுக்கும் விசையைவிட அதிக விசையை அவன் உணர்வான். ஆனால் பெரிய பிஸ்டன் நகரும் தூரம் குறைவு.

மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் மீது ஓரிடத்தில் அழுத்தம் தந்தால், அது எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். 1623 முதல் 1662 வரை வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்ட விதி இது. இதை வண்டியின் பிரேக்குக்குப் பயன்படுத்தி 1917-இல் காப்புரிமை பெற்றவர் மால்கம் லாக்ஹெட் என்ற அமெரிக்கர். தம் சகோதரருடன் சேர்ந்து விமானம் கட்டியவர். 1921-இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்குடன் வந்தது. 1924-இல் கிரைஸ்லர் கார் அதைப் பின்பற்றியது. ஃபோர்டு நிறுவனம் தன் கார்களில் கம்பி, தண்டுகளை விட்டுவிட்டுத் திரவத்துக்கு மாறியது 1939-இல்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓட்டுநர் 20 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் மிதிக்கிறார். மிதிகட்டை ஒரு நெம்புகோல். அது விசையை 5 மடங்காக்குகிறது என்று கொள்வோம். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை 100 கிலோ தள்ளுகிறது. அந்தப் பிஸ்டனின் பரப்பு 5 சதுர செ.மீ. ஆகவே திரவத்தில் உண்டாகும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 20 கிலோ.

இந்த அழுத்தம் மெல்லிய எஃகுக் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிறு சிலிண்டர். அதில் இரண்டு பிஸ்டன்கள். ஒவ்வொன்றின் பரப்பும் 6 சதுர செ.மீ. என்றால், ஒவ்வொன்றும் 120 கிலோ விசையுடன் பிரேக் கட்டையைச் சுழலும் டிரம்மின் மீது அழுத்தும். எட்டுப் பிஸ்டன்களுக்கும் சேர்த்து 960 கிலோ!

விசை இலவசமாகக் கிடைக்கவில்லை. எட்டுப் பிஸ்டன்களும் 1 மி.மீ. நகர வேண்டுமானால் 4.8 கன செ.மீ. திரவம் வேண்டும். அதற்கு மாஸ்டர் பிஸ்டன் 0.96 செ.மீ.யும், மிதிகட்டை அதைப்போல் ஐந்து மடங்கு, 4.8 செ.மீ.யும் நகர வேண்டும். 20-ஐ 4.8-ஆல் பெருக்குங்கள், 96. அங்கே 960-ஐ 0.1-ஆல் பெருக்குங்கள், அதுவும் 96. கொடுத்த வேலையும் பெற்ற வேலையும் சமம்.

சிலிண்டர் ஏன் கெடுகிறது?

பிஸ்டனின் முனையில் கிண்ணம் போன்ற ஒரு ரப்பர் வாஷர் உண்டு. திரவம் பின்பக்கம் கசியாமல் காப்பது அதுதான். பட்டறைகளில் 'பிரேக் ஆயில்' என்று சொன்னாலும் இந்த வண்டிகளில் ஊற்றுவது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். தவறிப்போய் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஊதிப்போகும். பிரேக் முழுவதும் பாழாகும்.

இந்தத் திரவத்துக்கு ஒரு கெட்ட குணம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். 'டாட் 3' என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். ஈரம் சிலிண்டரின் உட்சுவரைத் துருப்பிடிக்கவும் செய்கிறது. துருப்பிடித்த குழிகளில் உரசி உரசி ரப்பர் கிழிகிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. வண்டியை நிறுத்திவிட்டு மிதிகட்டையை ஒரே சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டை அசையாமல் நின்றால் நலம். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே எங்கும் கசிவில்லை என்றால், திரவம் வாஷரைத் தாண்டிச் சிலிண்டருக்குள்ளேயே பின்னோக்கி ஓடுகிறது என்று பொருள். சிலிண்டரை மாற்றியே தீர வேண்டும்.

பழையதைக் கழற்றுதல்

வண்டி சமதரையில் நிற்கிறது. சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்தாயிற்று. எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரில் மாஸ்டர் சிலிண்டர் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் தலையில் திரவத் தொட்டி. முதலில் தொட்டியிலுள்ள பழைய திரவத்தை உறிஞ்சி எடுக்கிறார் மெக்கானிக். கீழே துணி விரித்திருக்கிறார். ஏனெனில் இந்தத் திரவம் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும். பட்டுவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

அடுத்து, எஃகுக் குழாயின் நட்டைக் கழற்ற வேண்டும். பல ஆண்டுத் துருவில் அது இறுகியிருக்கும். சாதாரண ஸ்பேனர் இரண்டு முகங்களை மட்டும் பிடிப்பதால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். ஆகையால் நட்டைச் சுற்றிலும் கவ்வும், குழாய் நுழைய ஒரு வாய் மட்டும் திறந்த ஸ்பேனரைப் பயன்படுத்துகிறார். பிறகு மிதிகட்டையுடன் சேர்க்கும் தள்ளுதண்டை விடுவித்து, சுவரிலுள்ள திருகாணிகளைக் கழற்றினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும்.

புதிய சிலிண்டரின் உள்விட்டம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். 'பெரிதாக இருந்தால் நல்லதுதானே?' என்று நினைக்கலாம். கணக்கைப் பாருங்கள். பரப்பு 5-க்குப் பதில் 8 சதுர செ.மீ. ஆனால், அதே 100 கிலோ விசைக்கு அழுத்தம் 20-லிருந்து 12.5 ஆகக் குறைந்துவிடும். மிதி குறைந்த தூரத்தில் கெட்டியாக நிற்கும், வண்டிதான் நிற்காது!

காற்று என்னும் எதிரி

புதிய சிலிண்டரை உடனே வண்டியில் பூட்டிவிடலாமா? கூடாது. அதற்குள் காற்று நிறைந்திருக்கிறது. சிரிஞ்சுச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். இம்முறை குழாயில் ஒரு பெரிய குமிழியை விட்டுவையுங்கள். சிறிய சிரிஞ்சை அழுத்தினால் குமிழி சுருங்குகிறது; பெரிய சிரிஞ்சு தயங்குகிறது.

நம் பிரேக்கில் 5 கன செ.மீ. காற்று, அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, தங்கிவிட்டது என்று கொள்வோம். வாயுமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் உள்ளே சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 21 கிலோ. பாயில் விதிப்படி காற்று 21-இல் ஒரு பங்காக, சுமார் 0.24 கன செ.மீ.யாகச் சுருங்கிவிடும். 4.76 கன செ.மீ. வீண்! பிரேக் முழுவதற்கும் தேவையான திரவமே 4.8 கன செ.மீ.தான் அல்லவா? மிதிகட்டை இரு மடங்கு தூரம் இறங்க வேண்டியிருக்கும். ஒரு கரண்டிக் காற்று ஓர் உயிரையே வாங்கிவிடலாம்.

ஆகவே சிலிண்டரை முதலில் மேசை வைஸில் பிடிக்கிறார்கள். திரவம் வெளிவரும் துளையிலிருந்து ஒரு சிறு குழாயை வளைத்துத் தொட்டித் திரவத்துக்குள்ளேயே மூழ்கவிட்டு, பிஸ்டனை மெதுவாகப் பலமுறை தள்ளுகிறார்கள். குமிழிகள் கிளம்பிக் கிளம்பி நின்ற பிறகே சிலிண்டர் வண்டிக்குப் போகும்.

பூட்டும்போது இன்னொரு நுட்பம். தள்ளுதண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே மயிரிழை இடைவெளி விட வேண்டும். ஏன்? தொட்டியிலிருந்து சிலிண்டருக்கு ஒரு நுண்துளை உண்டு. காலை எடுத்ததும் வாஷர் அந்தத் துளைக்குப் பின்னால் போய்விட வேண்டும். அப்போதுதான் பிரேக் சூட்டில் விரிவடையும் திரவம் தொட்டிக்குத் திரும்பும். இடைவெளி இல்லாவிட்டால் துளை அடைபடும். விரிந்த திரவம் போக வழியின்றிப் பிரேக்கைத் தானாகவே பிடித்துக்கொள்ளும்!

இனிக் குழாய்களில் உள்ள காற்றை எடுக்க வேண்டும். இதற்கு இருவர் தேவை. ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள சிறு மரையைத் திறக்கிறார். திரவமும் குமிழியும் வெளிவருகின்றன. மரையை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் வெளிக்காற்று உள்ளே புகும். மிகத் தொலைவிலுள்ள பின்சக்கரத்தில் தொடங்கி, சிலிண்டருக்கு அருகிலுள்ள சக்கரத்தில் முடிப்பது வழக்கம். இடையிடையே தொட்டியை நிரப்ப மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ஒன்றுக்கு இரண்டு

அந்தக் காலச் சிலிண்டரில் ஒரு பெரிய குறை இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிஸ்டன், ஒரே திரவம். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கிலும் பிரேக் போய்விடும். கம்பியால் இயங்கும் கைப்பிரேக் மட்டுமே துணை. இதனால் ஒரே குழாய்க்குள் இரண்டு பிஸ்டன்களை வரிசையாக வைத்து, முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனித் திரவம் தந்தார்கள். 1962-இல் காடிலாக் காரிலும், 1967-இல் செவ்ரோலெட் பிக்-அப்பிலும் இது வந்தது. 1968 ஜனவரி முதல் அமெரிக்கப் பயணிகள் கார்கள் அனைத்துக்கும் இரட்டை அமைப்பைச் சட்டமே கட்டாயமாக்கியது. பழைய பிக்-அப் வைத்திருப்பவர்கள் பலர், சிலிண்டரை மாற்றும்போதே குழாய்களைப் பிரித்து இரட்டை அமைப்புக்கு மாறிவிடுகிறார்கள்.

வேலை முடிந்ததும் மிதிகட்டையை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்க வேண்டும். இறங்காமல் கெட்டியாக நின்றால், ஆளற்ற சமதரையில் மெல்ல ஓட்டிச் சோதித்த பிறகே சாலைக்குப் போக வேண்டும். வெளியேற்றிய திரவம் நச்சு; அதைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பதும், மண்ணில் கொட்டுவதும் ஆபத்து.

நீங்கள் இந்த வேலையைத் தனியே செய்து பார்க்க வேண்டாம். பிரேக் என்பது தேர்ந்த கை தொடவேண்டிய பொருள். ஆனால் பட்டறையில் யாராவது காற்று எடுத்துக்கொண்டிருந்தால் அருகே நின்று கவனியுங்கள். 'அழுத்து... பிடி... விடு' என்ற குரல் கேட்கும். 'விடு' என்ற சொல் மரை மூடுவதற்கு முன் வருகிறதா, பின் வருகிறதா என்று பாருங்கள். அதிலிருந்தே அந்த மெக்கானிக்கின் திறமையை நீங்கள் எடைபோட்டுவிடலாம்!